வாசனை அறுந்த இடத்தில்

என் பெரியம்மா வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். தருமபுரிப் பக்கம் அந்த நாளில் அது பல வீடுகளில் நடந்த தொழில். இரவில் மல்பெரி இலையை அள்ளிப் போட்டுவிட்டு வளர்ப்பு மனையில் சற்று நின்றால், கூரைமேல் தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம் எழும். புழுக்கள் இலை மெல்லும் சத்தம் அது. கூடு கட்டி முடித்ததும் பிரித்தெடுத்து, மூட்டை கட்டி, அங்காடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உள்ளிருக்கும் பூச்சி வெளியே வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அது கூட்டைத் துளைத்துவிட்டால் இழை அறுந்துவிடும். அறுந்த கூட்டுக்குச் சரியான விலை கிடைக்காது.

ஒருமுறை சந்திரிகையின் (புழுக்கள் கூடு கட்டும் மூங்கில் தட்டின்) ஓரத்தில் ஏழெட்டுக் கூடுகள் கண்ணில் படாமல் தங்கிவிட்டன. சில நாட்கள் கழித்து அவற்றிலிருந்து வெள்ளைப் பூச்சிகள் வந்தன. பெரியம்மா அவற்றை ஒரு முறத்தில் எடுத்துப் போட்டார். பெண் பூச்சி பருத்த வயிற்றோடு ஓரிடத்தில் அமர்ந்திருந்தது. வயிற்று நுனியில் மஞ்சளாக இரண்டு சிறு குமிழ்கள் பிதுங்கியிருந்தன. முறத்தின் மறுகோடியில் ஓர் ஆண் பூச்சி. தலையில் சீப்புப் பல்போல இரண்டு உணர்கொம்புகள். அதற்குப் பறக்கத் தெரியாது. ஆனாலும் இறக்கைகளை விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டே நடந்தது. நேராக நாலு அடி வைத்தது. நின்று, இடப்பக்கம் ஒடித்தது, வலப்பக்கம் ஒடித்தது. பிறகு ஒரு வட்டம். மறுபடி நேராக நாலு அடி. நான் விரலை நீட்டியதும் பெரியம்மா, “கையை வைக்காதே கண்ணு, அது உயிரோடு இருக்கப்போவதே ஒரு வாரம்” என்றார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அவர் உள்ளே போனதும் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துப் பெண் பூச்சியின்மேல் கவிழ்த்தேன். கண்ணாடிக்குள் அது பளிச்சென்று தெரிந்தது. ஆண் பூச்சியோ டம்ளரை ஒட்டியே நடந்து கடந்துபோனது. பார்க்கவே இல்லை. வட்டம் போட்டது, திசை மாற்றி இன்னொரு வட்டம் போட்டது. டம்ளரைத் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் அதன் நடை நேரானது.

இது எல்லாம் மறந்து எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன. நான் இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் நடத்துகிறேன். மூன்று மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு, எரிவாயு கசியும் இடத்தைத் தானே தேடிப் போகும் ஒரு சிறு வண்டி செய்ய வேண்டும் என்று வந்தார்கள். எரிவாயுவை வகுப்பறையில் திறந்துவிட முடியாது. ஆகவே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு மூலையில் வைத்து, அதைத் தேடும்படி செய்யலாம் என்றேன். கடையில் கிடைக்கும் ஆல்கஹால் சென்சார் ஒன்று, இரண்டு மோட்டார், ஒரு கட்டுப்பாட்டுப் பலகை. வாசனை கூடும் பக்கம் போ, குறைந்தால் திரும்பு. இவ்வளவுதான் நிரல். வெப்பம் தேடும் வண்டி, வெளிச்சம் தேடும் வண்டி எல்லாம் இப்படித்தான் செய்வோம்; நன்றாகவே ஓடும்.

இது ஓடவில்லை. சென்சார் காட்டிய எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தோம். ஒரு சரிவான கோடு கிடைக்கும் என்று நினைத்திருந்தோம். கிடைத்ததோ ரம்பப் பல். பஞ்சுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒன்றுமில்லை என்றது. தொலைவில் நிற்கும்போது எகிறியது. எங்கோ கம்பி இணைப்பில் பற்று விட்டிருக்கிறது என்று மூன்று முறை பற்றவைத்தோம். பிறகு ஒரு மாணவி சொன்னாள், “மேடம், வண்டி அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகுதான் வாசனை வந்ததென்று சென்சார் சொல்கிறது.” பாதி விடை அதில் இருந்தது.

மீதிப் பாதி காற்றில் இருந்தது. ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்து அதன் புகையைக் கவனியுங்கள். முதல் ஒரு சாண் உயரத்துக்கு நூல் பிடித்ததுபோல் ஏறும். அதற்குமேல் நெளியும், சுருளும், பிய்ந்து திரிதிரியாகப் போகும். வாசனையும் அப்படித்தான் பரவுகிறது. அது தண்ணீரில் மை கலப்பதுபோல் மெல்லப் பரந்து, தொலைவு கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும் என்று பள்ளியில் படித்ததை நான் நம்பியிருந்தேன். அசையாத காற்றில் ஒரு மூலக்கூறு அப்படித் தானாகப் பரவி ஒரு மீட்டர் போய்ச்சேர மணிக்கணக்காகும். அடுப்படியில் தாளிப்பது திண்ணைக்கு நொடியில் வந்துவிடுகிறதென்றால், காற்று அதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று பொருள். அப்படித் தூக்கிவரும் காற்று வாசனையைக் கிழித்துக் கிழித்துத்தான் கொண்டுவரும். இழை இழையாக வாசனை. இழைகளுக்கு நடுவே வெறும் காற்று.

1981-இல் மர்லிஸ், ஜோன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை வெட்டவெளியில் அளந்தார்கள். வாசனைக்குப் பதிலாக மின்னூட்டம் பெற்ற அயனிகளைக் காற்றில் விட்டு, காற்றின் போக்கில் கீழே தள்ளிக் கருவியை வைத்தார்கள். பெரும்பாலான நேரம் கருவியில் ஒன்றுமே பதியவில்லை. நடுநடுவே வெடுக்கென்று ஒரு துடிப்பு, பிறகு வெறுமை. எங்கள் ரம்பப் பல் அதுதான். நாங்கள் பழுது என்று நினைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தது வாசனையின் உண்மையான உருவத்தை.

அப்படியானால் வாசனையைத் தேடிப் போகிற எந்த உயிரும், போகிற நேரத்தில் பெரும்பகுதியை வாசனையே இல்லாமல்தான் கழிக்கிறது. இந்த ஒரு வரி எனக்குள் இறங்கியபோது முறத்தில் சுற்றிய அந்தப் பூச்சி நினைவுக்கு வந்தது. அது வழி தெரியாமல் தடுமாறுகிறது என்றுதான் ஒன்பது வயதில் நினைத்திருந்தேன்.

பட்டுப்பூச்சியின் காதல் வாசனைக்கு ஒரு நீண்ட கதை உண்டு. ஜெர்மனியின் அடால்ஃப் புட்டெனான்ட் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து, சுமார் 5,00,000 பெண் பூச்சிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 1959-இல் அதன் வேதி அமைப்பைச் சொன்னார். பாம்பிகால் என்று பெயர். உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இனக்கவர்ச்சிப் பொருள் அது. இன்று நம் கத்தரித் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அவருக்கு இரண்டு ஆண்டு முன்பே டீட்ரிஷ் ஷ்னைடர் இதே பூச்சியின் உணர்கொம்பை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வைத்து, வாசனை பட்டதும் அதில் எழும் நுண்ணிய மின்னழுத்தத்தை அளந்திருந்தார். ஆண் பூச்சியின் ஒரு கொம்பில் பாம்பிகாலை உணரும் நுண்மயிர்கள் ஏறத்தாழ 17,000 இருக்கின்றன. ஒரே ஒரு மூலக்கூறு போய்ப் பட்டாலே ஒரு நரம்புச் செல் துடிக்கும்.

ஆனால் எனக்கு வியப்பு மூக்கின்மேல் இல்லை. நடையின்மேல்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ரியோஹெய் கன்சாக்கி பல ஆண்டுகள் இந்த நடையைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஒரே ஒரு வாசனைத் துடிப்பைக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் ஆண் பூச்சி என்ன செய்கிறது? முதலில் நேராகப் பாய்கிறது. அடுத்து இடமும் வலமுமாக ஒடித்து நடக்கிறது. ஒவ்வொரு ஒடிப்பும் முந்தியதைவிடப் பெரிதாகிறது. கடைசியில் வட்டமிடுகிறது. இந்த மூன்றும் இதே வரிசையில்தான் வரும். நடுவில் எந்தக் கட்டத்தில் இன்னொரு துடிப்பு வந்து பட்டாலும், வரிசை அங்கேயே கலைந்து முதலிலிருந்து தொடங்கும்.

இதைக் கொஞ்சம் நிதானமாக மனத்தில் ஓட்டிப் பாருங்கள். வாசனை இழைகள் அடர்த்தியாக இருக்கும் இடத்தில் துடிப்புகள் அடுத்தடுத்துப் படும். முதல் கட்டமே திரும்பத் திரும்ப நடக்கும். அதாவது பூச்சி நேராகப் போகும். இழைகள் அரிதாகும் இடத்தில் இரண்டாம் கட்டம் வரை போக நேரம் கிடைக்கும், பக்கவாட்டில் துழாவும். முற்றிலும் தொலைந்துவிட்டால் வட்டமிட்டு எல்லாத் திசையையும் தொட்டுப் பார்க்கும். வரைபடம் தேவையில்லை. எவ்வளவு தூரம் என்ற கணக்குத் தேவையில்லை. கிடைத்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரி; கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மீதி எல்லா வரிகளும். எங்கள் நிரலில் அந்த மீதி வரிகள் ஒன்றுகூட இல்லை.

இதற்கும் மேலே ஒன்று. நான் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாமாண்டு வகுப்பில் ஃபிளிப்-ஃபிளாப் சுற்றைக் கரும்பலகையில் வரைகிறேன். ஒரு துடிப்பு வந்தால் நிலை மாறும். அடுத்த துடிப்பு வரும்வரை மாறிய நிலையிலேயே நிற்கும். கணினி நினைவகத்தின் ஒரு பகுதி இந்தச் சின்னக் கல்லை அடுக்கிக் கட்டியதுதான். 1983-இல் ராபர்ட் ஓல்பெர்க் என்பவர், பட்டுப்பூச்சியின் உடலில் ஓடும் நரம்பு வடத்தில் இப்படியே நடந்துகொள்ளும் நரம்புச் செல்களைக் கண்டார். ஒரு துடிப்பு வாசனை பட்டால் அதிர்ந்துகொண்டே இருக்கும். இன்னொரு துடிப்பு பட்டால் அடங்கிவிடும். இடமா, வலமா என்ற முடிவு அங்கே நிற்கிறது. அவரும் அதற்கு ஃபிளிப்-ஃபிளாப் என்றே பெயரிட்டார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியம்மாவின் முறத்தில், ஒரு வாரம் வாழ வந்த ஒரு பூச்சிக்குள், நான் சாக்பீஸால் வரையும் சுற்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பட்டுப்பூச்சி ரோபோ ஆய்வுக்கு இவ்வளவு உதவியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீனாவில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் அதை வீட்டு விலங்காக்கினார்கள். இழைக்காக வளர்த்து வளர்த்து அதன் பறக்கும் வலுவைப் போக்கிவிட்டார்கள். பறக்காமல் நடப்பதால் அதன் தேடல் ஒரு மேசைப்பரப்புக்குள் அடங்குகிறது. இரண்டு சக்கர வண்டி ஒன்றால் அதை அப்படியே நடித்துக்காட்ட முடிகிறது. இறக்கை மட்டும் வீணாகவில்லை. அது அடிக்கும் ஒவ்வோர் அடியும் முன்னாலிருக்கும் காற்றைக் கொம்புகளின் மயிரடர்த்திக்குள் இழுத்துத் தருகிறது. நாய் மூக்கை உறிஞ்சுவதற்குச் சமம் அது.

2013-இல் கன்சாக்கியின் குழு பூச்சியையே ஓட்டுநராக உட்காரவைத்தது. காற்றில் மிதக்கும் ஒரு லேசான பந்தின்மேல் பூச்சி நிற்கும். முதுகை ஒரு கம்பி பிடித்திருக்கும். அது நடந்தால் பந்து உருளும். பழைய கணினி மவுசில் குண்டு உருண்டதுபோல். பந்தின் உருளலைப் படித்து வண்டிச் சக்கரங்கள் ஓடும். இரண்டு சிறு விசிறிகள் வெளிக்காற்றை இரு கொம்புகளுக்கும் தனித்தனியே கொண்டுவரும். சோதித்த 14 பூச்சிகளும் வண்டியை வாசனை இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பிறகு வண்டி வேண்டுமென்றே ஒரு பக்கமாக இழுக்கும்படி மோட்டாரைக் கோணலாக்கினார்கள். பூச்சிகள் அதையும் சமாளித்துக்கொண்டு போயின. சைக்கிள் ஹாண்டில் கோணலாக இருந்தாலும் ஓட்டப் பழகிவிடுகிற பையனைப்போல.

இந்தத் துறையில் இன்னும் எத்தனையோ நடக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெலனி ஆண்டர்சன், தாமஸ் டேனியல், சாயர் ஃபுல்லர் முதலியோர் 2020-இல் உள்ளங்கை அளவு டிரோனில் புகையிலைக் கொம்புப்புழுவின் அந்துப்பூச்சிக் கொம்பு ஒன்றைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மயங்கவைத்து, கொம்பை எடுத்து, இரண்டு முனையிலும் நுண்கம்பி செருகினார்கள். எடுத்த கொம்பு நான்கு மணி நேரம் வரை வாசனைக்குப் பதில் சொல்லும். டிரோனின் வாலில் இரண்டு பிளாஸ்டிக் இறகுகள். காற்றாடிபோல் அது தானாகவே காற்றை எதிர்நோக்கித் திரும்பும். வாசனை பட்டால் காற்றுக்கு எதிரே முன்னேறு. போய்விட்டால் குறுக்கே துழாவு. அதே பாடம்தான். டெல் அவிவில் பாலைவன வெட்டுக்கிளியின் கொம்பை வைத்து, எலுமிச்சை எது, ஜெரேனியம் எது என்று பிரித்துச் சொல்லக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பரணி ராமனின் குழு வெட்டுக்கிளியின் மூளையிலேயே மின்முனை வைத்து வெடிமருந்து ஆவிகளை அடையாளம் கண்டது. ஒரு வெட்டுக்கிளி சொல்வதை மட்டும் கேட்டால் 60 சதவீதம் அளவுக்குச் சரி. ஏழு வெட்டுக்கிளிகளைச் சேர்த்துக் கேட்டால் 80.

உயிருள்ள ஒன்றின் கொம்பை அறுத்துக் கருவியில் செருகுவது எனக்கு நெருடுகிறது. பட்டுக்கூட்டை ஆவியில் வேகவைக்கும் ஊரில் வளர்ந்தவள் நான். ஒவ்வொரு பட்டுக்குள்ளும் என்ன நடக்கிறதென்று தெரியும். இருந்தும் நெருடுகிறது. இடிபாட்டுக்குள் சிக்கியவரையோ கசியும் குழாயையோ கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் நான்கு மணி நேரக் கொம்பைத் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது. பூச்சியின் உறுப்பைவிட அதன் முறையைக் கடன் வாங்குவதே நல்லது என்று நினைக்கிறேன்.

அந்த முறை உறுப்பிலிருந்து பிரித்தெடுக்கக்கூடியது என்பதற்கு ஓர் அழகான சான்று இருக்கிறது. முட்டைக்கோசை அழிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியை நம் விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பூச்சியின் கொம்பில் வாசனையைப் பிடித்து உணரும் ‘வாசனை வாங்கி’ என்ற புரதத்துக்கான மரபணுவை 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆண் பட்டுப்பூச்சியின் கொம்பில் செயல்பட வைத்தார்கள். கொம்பு மட்டும்தான் மாறியது. மூளையில் எதையும் தொடவில்லை. அந்தப் பட்டுப்பூச்சி, தன் வாழ்நாளில் சம்பந்தமே இல்லாத ஒரு பூச்சியின் வாசனையை நோக்கி, தன் வழக்கமான நடையில், பாய்ந்து, ஒடித்து, வட்டமிட்டுத் தேடிப் போனது. மூக்கை மாற்றலாம், தேடல் அப்படியே இருக்கும்.

செயற்கை மூக்கு செய்பவர்கள் பல காலம் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம். 1982-இல் பெர்சாட், டாட் இருவரும் வெவ்வேறு சென்சார்களைச் சேர்த்து வாசனைகளைப் பிரித்தறியும் முதல் மின்னணு மூக்கைக் காட்டினார்கள். அருமையான வேலை. பழம் பழுத்ததா, மீன் கெட்டதா என்று குடுவையில் அடைத்த காற்றை வைத்துச் சொல்ல அது போதும். ஆனால் குடுவைக்குள் வாசனை அறுவதில்லை. வெளியே வந்ததும் கதை வேறு. நாங்கள் வைத்திருந்த சென்சாரின் உள்ளே சூடேற்றிய வெள்ளீய ஆக்சைடு இருக்கிறது. அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் மின்னணுக்களைப் பிடித்து வைத்திருக்கும். ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் மின்னணுக்கள் விடுபட்டு மின்தடை குறையும். ஏறுவது வேகம். இறங்கிப் பழைய நிலைக்கு வருவதற்குள் வண்டி எங்கோ போயிருக்கும். பூச்சியின் வாசனை வாங்கியோ தானே ஒரு மின்கதவு. மூலக்கூறு பட்டதும் நேராகத் திறந்துகொள்கிறது. ஒரு நொடியில் பல துடிப்புகளைத் தனித்தனியே எண்ண அதனால் முடியும்.

சென்சாரை மாற்ற எங்களிடம் பணமில்லை. ஆகவே எண் எவ்வளவு என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எண் ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தை மட்டும் ஒரு துடிப்பாக எடுத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றினோம். இடம் ஒன்று, வலம் ஒன்றாக இரண்டு சென்சார். நடுவே ஓர் அட்டைத் தடுப்பு. பழைய கணினியிலிருந்து கழற்றிய இரண்டு விசிறிகள், பூச்சியின் இறக்கைக்குப் பதிலாக. பாய்ச்சல், ஒடிப்பு, வட்டம். வண்டியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்தில் சன்னலோர மேசைவிசிறியைச் சுழலவிட்டு, அதன் முன்னால் பஞ்சை வைத்தோம். வண்டி மறுகோடியிலிருந்து கிளம்பியது. முதல் நாலைந்து முறை சுவரில் போய் முட்டியது. அடுத்த முறை இரண்டடி நேராக வந்து நின்றது. இடப்பக்கம் ஒடித்தது, வலப்பக்கம் ஒடித்தது. பிறகு அறை நடுவே மெதுவாக ஒரு வட்டம் போட ஆரம்பித்தது. முடித்து, மறுபக்கமாக இன்னொன்று. மறுபடி கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மாணவன் குனிந்து அதைத் தூக்கப் போனான்.

“கையை வைக்காதே” என்றேன். மூன்றாம் வட்டத்தின் பாதியில் வண்டி நின்றது, விசிறி இருந்த பக்கம் திரும்பியது.